பிழை திருத்துவோரை மதித்த அச்சகர்: கிறிஸ்தோபர் பிளாந்தின்

புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் அதை எழுதியவர் யார் என்று பார்க்கிறோம். வெளியிட்டவர் யார், விலை என்ன என்றும் பார்க்கிறோம். அதன் பிழைகளைத் திருத்தியவர் யார் என்று எவரும் தேடுவதில்லை. அவர் பெயர் பெரும்பாலும் அச்சில் வருவதுமில்லை. ஏதேனும் ஒரு பிழை தப்பிவிட்டால் மட்டும் அவர் நினைவுக்கு வருகிறார். அதுவும் குறை சொல்வதற்கே.

ஒப்புநோக்காளர் என்றும், புறூவ் பார்ப்பவர் என்றும் நாம் அழைக்கும் இத்தொழிலாளருக்குத் தம் வீட்டிலேயே இடமும், உணவும், மதிப்பும் கொடுத்த அச்சகர் ஒருவர் நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்தார். கற்றோர் எழுதும் நூலைக் கற்றோரே திருத்த வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்காகப் பணம் செலவிட அவர் தயங்கவில்லை. அவர்தான் அன்ற்வேர்ப் நகரத்துக் கிறிஸ்தோபர் பிளாந்தின். அச்சுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

வேலையாளின் மகன்

பிளாந்தின் 1520ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டிலே, தூர் நகருக்கு அண்மையில் பிறந்தார் என்பர். குடும்பம் வறியது. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். தந்தை லியோன் நகரில் வசதியுள்ள குருவானவர் ஒருவரின் வீட்டில் வேலையாளாக இருந்தார். அந்தக் குருவானவரின் உறவுப் பிள்ளைகள் படிப்புக்காக வேறு நகரங்களுக்குச் சென்றபோது, அவர்களுக்குத் துணையாகத் தந்தையும் சென்றார்; மகனும் உடன் சென்றான். எஜமானின் பிள்ளைகள் படித்த இடங்களில் ஒதுங்கி நின்று இவனும் சிறிது இலத்தீன் கற்றுக்கொண்டான்.

பரீஸ் நகரை அடைந்த பின் தந்தை ஒரு சிறு தொகைப் பணத்தைக் கொடுத்து, மகனை அங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். தனித்து விடப்பட்ட பிளாந்தின் வடக்கே நோர்மண்டிப் பகுதிக்குச் சென்று, அங்கே ஓர் அச்சகரிடம் வேலை பழகினார். புத்தகம் கட்டும் தொழிலையும் தோல் வேலையையும் கற்றுக்கொண்டார். யோவன்னா ரிவியேர் என்னும் பெண்ணை மணந்ததும் அங்கேதான்.

1548 அல்லது 1549ஆம் ஆண்டில் இத்தம்பதியர் அன்ற்வேர்ப் நகருக்குக் குடிபெயர்ந்தனர். இன்று பெல்ஜியத்தில் உள்ள இந்நகரம் அன்று ஸ்பானிய மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஐரோப்பாவின் முதன்மையான துறைமுகங்களில் அதுவும் ஒன்று. கப்பல்களும் வணிகர்களும் பல மொழிகளும் கூடும் ஊர். புத்தகத் தொழிலுக்கு அதைவிட நல்ல இடம் அக்காலத்தில் அரிது. 1550இல் பிளாந்தின் அந்நகரின் பிரசையாகப் பதிவு செய்யப்பட்டார். அவர் செய்த தோற்பெட்டிகளும், பொன் எழுத்துப் பொறித்த புத்தகக் கட்டுகளும் பிரபுக்களிடையே பெயர் பெற்றன.

கத்திக்குத்தும் புதிய தொழிலும்

1555ஆம் ஆண்டளவில் ஒரு மாலை வேளையில் நடந்த சம்பவம் அவர் வாழ்க்கையை மாற்றியது. ஸ்பானிய மன்னரின் செயலாளர் ஒருவருக்காகச் செய்த நகைப்பெட்டியைக் கொடுப்பதற்குப் பிளாந்தின் சென்றுகொண்டிருந்தார். முகமூடி அணிந்த சில குடிகாரர்கள், தங்களை அவமதித்த ஓர் இசைக்காரனைத் தேடி வந்தவர்கள், இருளில் இவரை அவன் என்று எண்ணி வாளால் குத்திவிட்டார்கள். உயிர் தப்பியது பெரும் காரியம். ஆனால் காயத்தின் காரணமாகத் தோல் வேலைக்குரிய பலத்தை அவர் இழந்தார்.

கைத்தொழில் போனபின் அவர் அச்சுத் தொழிலுக்குத் திரும்பினார். 1555இலேயே அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அது உயர்குடிப் பெண்பிள்ளை ஒருத்தியை வளர்க்கும் முறை பற்றிய சிறு நூல். பின்னாளில் தம் புதல்வியரையே அச்சகத்தில் புறூவ் பார்க்கப் பழக்கிய ஒரு தந்தைக்கு அது பொருத்தமான தொடக்கம் எனலாம்.

தொழில் வளர்ந்துகொண்டிருந்த வேளையில் 1562இல் இடி விழுந்தது. திருச்சபையின் போதனைக்கு மாறான சிறு நூல் ஒன்று அவரது அச்சகத்தில் அச்சாகியிருப்பதாக அதிகாரிகள் கண்டுபிடித்தனர். அந்நேரம் அவர் பரீசில் இருந்தார். அவர் இல்லாத வேளையில் தொழிலாளர் சிலர் அதை அச்சிட்டனர் என்று விசாரணையில் தெரிந்தது. எனினும் அவர் உடனே ஊர் திரும்பத் துணியவில்லை. கடன் கொடுத்தவர்கள் அச்சகச் சாமான்கள் முழுவதையும் ஏலத்தில் விற்றுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர், செல்வந்த வணிகர் சிலரைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். தம் அச்சகத்துக்குப் பொற்கவராயம் என்று பெயரிட்டார். வட்டம் வரையும் கவராயத்தின் ஒரு கால் சுற்றிச் சுழன்று உழைக்கிறது. மறு கால் ஊன்றிய இடத்தில் உறுதியாக நிற்கிறது. உழைப்பும் உறுதியும் என்பதே அவர் தேர்ந்த விருதுவாக்கின் கருத்து. அவரது நூல்களின் முகப்பில் கவராயம் பிடித்த கை ஒன்றை இன்றும் காணலாம்.

ஒரு பக்கம் திருத்தப்படும் விதம்

அக்காலத்தில் ஒரு பக்கம் எப்படி உருவாயிற்று என்பதை அறிந்தால்தான் திருத்துபவரின் பணி விளங்கும். அச்சுக்கோப்பவர், அதாவது கொம்பொசிற்றர், ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்குவார். அந்த எழுத்துக்கள் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி இருக்கும். அறையிலுள்ள எழுத்து வேறு அறைக்குள் விழுந்திருந்தால் கை அதையே எடுக்கும். களைத்த கண் ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவும். ஆகவே அடுக்கிய பக்கத்தில் மை தடவி ஒரு தாளில் பதித்து, திருத்துபவரிடம் கொடுப்பார்கள். அதுவே புறூவ்.

ஒருவர் மூலப்படியை உரத்து வாசிக்க, திருத்துபவர் அச்சுத்தாளைக் கண்ணால் தொடர்ந்து சென்று, ஓரத்திலே குறியிடுவார். கொம்பொசிற்றர் குறியைப் பார்த்து ஊசியால் எழுத்தைக் கிளப்பி மாற்றுவார். மறுபடியும் ஒரு தாள் எடுக்கப்படும், மறுபடியும் வாசிக்கப்படும். முக்கியமான நூல்களுக்கு மூன்றாம் முறையும் பார்ப்பதுண்டு.

இதில் நேரம் பெரும் சிக்கல். எந்த அச்சகத்திலும் எழுத்துக்கள் அளவோடுதான் இருக்கும். ஒரு தாள் அச்சாகி முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்து அடுத்த தாளுக்கு எடுக்க வேண்டும். திருத்துபவர் தாமதித்தால் அச்சு இயந்திரம் நிற்கும். செய்த வேலைக்கு ஏற்பக் கூலி பெறும் தொழிலாளரின் வயிறும் காயும். அவசரப்பட்டால் பிழை தப்பும். அவசரத்துக்கும் கவனத்துக்கும் நடுவே நாள் முழுவதும் நிற்பவரே ஒப்புநோக்காளர்.

புறூவ் பார்ப்பதற்கு முன்னுள்ள வேலை இன்னும் நுட்பமானது. ஆசிரியர் எழுதிய கையெழுத்துப் படியை அச்சுக்குப் போகுமுன் சீர்செய்ய வேண்டும். ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். மேற்கோளின் அதிகார எண் பிழைத்திருக்கும். வசனம் முடியுமுன்பே புள்ளி விழுந்திருக்கும். கிரேக்கச் சொல்லின் மேற்குறி விடுபட்டிருக்கும். இவற்றைத் திருத்துவதற்கு மொழியறிவு வேண்டும். அதோடு அடக்கமும் வேண்டும். நூல் ஆசிரியருடையது. திருத்துபவர் மொழியைச் சீராக்கலாம். தமக்குப் பிடித்த கருத்தை அங்கே புகுத்த முடியாது. சந்தேகம் வந்தால் ஆசிரியரைக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் சிறு விஷயம் என்று எண்ணுவோர் 1631இல் இலண்டனில் வெளிவந்த வேதாகமப் பதிப்பை நினைக்க வேண்டும். விபசாரத்தைத் தடை செய்யும் கட்டளையில் எதிர்மறைச் சொல் ஒன்று மட்டும் விடுபட்டுப் போயிற்று. கடவுளே பாவத்தைக் கட்டளையிட்டது போன்ற பொருள் வந்துவிட்டது. அரசன் கோபமுற்றான், அச்சகருக்கு 300 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. தமிழிலும் நிலைமை இதுவே. அறம் என்ற சொல்லில் ஒரு எழுத்து மாறினால் இரும்பைத் தேய்க்கும் அரம் ஆகிவிடுகிறது.

கற்றோர் கூடிய அச்சகம்

பிளாந்தின் தம் அச்சகத்தின் சிறந்த காலத்தில், 1574ஆம் ஆண்டளவில், 16 அச்சு இயந்திரங்களை இயக்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் அங்கே வேலை செய்தனர். அக்காலத்தில் இவ்வளவு பெரிய அச்சகம் ஐரோப்பாவில் மிக அரிது. ஆனால் அவருடைய பெருமை இயந்திரங்களின் தொகையில் மட்டும் இல்லை.

1564இல் பிரான்சிஸ் இராபெலெங்கியுஸ் என்னும் இளைஞரைப் பிழை திருத்துவதற்காக அவர் வேலைக்கு அமர்த்தினார். கிரேக்கமும் எபிரேயமும் நன்கறிந்தவர். வியாபார வீட்டிலே இப்படி ஒருவர் எதற்கு என்று பலர் எண்ணியிருக்கலாம். பிளாந்தினோ அடுத்த ஆண்டே தம் மூத்த மகள் மார்கரீத்தாவை அவருக்கு மணம் செய்து கொடுத்தார். இந்த ஒப்புநோக்காளர் பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் எபிரேயப் பேராசிரியரானார். அரபு மொழிக்கு அவர் தொகுத்த இலத்தீன் அகராதி அவர் இறந்தபின் 1613இல் வெளிவந்தது.

மற்றவர் கொர்னேலிஸ் கீலியான். 1558இல் சாதாரண கொம்பொசிற்றராக வேலைக்குச் சேர்ந்தவர். உழைப்பால் உயர்ந்து ஒப்புநோக்காளரானார். 1607இல் இறக்கும் வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், அதே அச்சகத்தில் பிறருடைய பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஓய்ந்த நேரத்தில் தம் தாய்மொழியான டச்சு மொழியின் சொற்களைச் சேர்த்தார். 1599இல் வெளிவந்த அவருடைய அகராதி அம்மொழியின் அகராதிகளுக்கு அடித்தளமாயிற்று. திருத்துபவரின் தலைவிதியைப் பற்றி இலத்தீனில் ஒரு சிறு கவிதையும் அவர் எழுதியிருக்கிறார். பிறர் பிழையைத் திருத்துபவனுக்குப் பழி மிஞ்சுகிறதே அன்றிப் புகழ் கிடைப்பதில்லை என்பது அதன் சாரம். ஐம்பது ஆண்டுகள் அந்தக் கதிரையில் இருந்த ஒருவர் அப்படிச் சொல்லும்போது அதை நாம் வெறும் முறைப்பாடாகத் தள்ளிவிட முடியாது.

இத்தகையோர் இருந்ததனால்தான் கற்றோர் பலர் தங்கள் நூல்களைப் பிளாந்தினிடம் கொண்டுவந்தார்கள். மூலிகைகளை ஆராய்ந்த தொதோனியுஸ், தசம எண்களை விளக்கிய சீமோன் ஸ்தேவின், இலத்தீன் அறிஞர் யூஸ்துஸ் லிப்சியுஸ் ஆகியோரின் நூல்கள் அவரது அச்சகத்திலிருந்து வெளிவந்தன. மருத்துவ நூலில் ஓர் அளவு பிழைத்தால் நோயாளிக்கு ஆபத்து. கணித நூலில் ஒரு எண் பிழைத்தால் கணக்கு முழுவதும் பிழை. இதை அந்த ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

ஐந்து மொழி வேதாகமம்

பிளாந்தினின் வாழ்நாட் சாதனை ஐந்து மொழி வேதாகமம். எபிரேயம், கல்தேயம், கிரேக்கம், சீரியம், இலத்தீன் ஆகிய மொழிகளில் வேதாகமத்தை ஒரே பதிப்பாக அச்சிடும் திட்டத்தை அவர் ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்புவிடம் சமர்ப்பித்தார். மன்னர் ஆதரவு தந்தார். வேலையை மேற்பார்வை செய்வதற்கு அரியாஸ் மொந்தானோ என்னும் பேரறிஞரான குருவானவரை 1568இல் அன்ற்வேர்ப்புக்கு அனுப்பினார்.

வேலை எவ்வளவு கடினமென்று சிந்தித்துப் பாருங்கள். எபிரேயமும் கல்தேயமும் சீரியமும் வலமிருந்து இடமாக ஓடும். கிரேக்கமும் இலத்தீனும் இடமிருந்து வலமாக ஓடும். எபிரேய எழுத்தின் மேலும் கீழும் உயிர்க்குறிகள் புள்ளிகளாக நிற்கும். ஒரு புள்ளி இடம் மாறினால் சொல் மாறும்; சொல் மாறினால் வேதவாக்கியத்தின் பொருள் மாறும். பக்கத்துக்குப் பக்கம் எல்லா மொழிகளும் ஒரே வசனத்தில் ஒத்து நிற்கவும் வேண்டும். சீரிய எழுத்துக்களைப் புதிதாக வெட்டியே வார்க்க வேண்டியிருந்தது.

இராபெலெங்கியுசும், பிரான்சிலிருந்து வந்த அறிஞர் சிலரும் தாள் தாளாகப் பார்த்தனர். லூவேன் பல்கலைக்கழக வேதசாஸ்திரிகளும் பார்வையிட்டனர். எல்லாவற்றையும் மொந்தானோ இறுதியாகப் பார்த்தார். அச்சகத்துக்கும் மொந்தானோவின் இருப்பிடத்துக்கும் இடையே புறூவ் தாள்களைச் சுமந்து சென்றது யார் தெரியுமா? பிளாந்தினின் நாலாவது மகள் மக்தலேனா. அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று அளவில்தான்.

அவள் தாள்களைக் கொண்டுசென்று கொடுத்துவிட்டுத் திரும்பியவள் அல்லள். மொந்தானோ திருத்தும்போது எபிரேய, கல்தேய, சீரிய, கிரேக்க, இலத்தீன் மூலப்படிகளைப் பக்கத்திலிருந்து வாசித்துக் கொடுத்தவளும் அவளே. பிளாந்தினின் பெண்மக்கள் நாலைந்து வயதிலேயே எழுத்துக்கூட்டக் கற்று, பன்னிரண்டு வயது வரை அச்சகத்தில் புறூவ் வாசிப்புக்கு உதவினார்கள் என்று தந்தையே 1570இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பொருள் முழுவதும் அச்சிறுமிகளுக்கு விளங்கியிராது. ஆயினும் எழுத்தை எழுத்தாகப் பார்த்து, உள்ளதை உள்ளபடி வாசிக்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. பொருள் விளங்கியவர் கண் தானாகவே பிழையை நிரப்பிக்கொண்டு ஓடிவிடும். புறூவ் பார்ப்போர் அனைவரும் அறிந்த உண்மை இது.

நாலு ஆண்டு உழைப்பின் பின் 1572இல் எட்டுப் பெரிய தொகுதிகள் நிறைவுற்றன. ஏறக்குறைய 1,200 படிகள் அச்சாகின. ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசர் அங்கீகாரம் கொடுக்கத் தயங்கியிருந்தார். அவருக்குப் பின் வந்த பதின்மூன்றாம் கிரகோரியார் 1572இல் அங்கீகாரம் அளித்தார்.

குற்றச்சாட்டு

அத்தோடு சோதனை முடியவில்லை. சலமன்கா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லெயோன் டி காஸ்திரோ இப்பதிப்பின் மீது குற்றம் சாட்டினார். எபிரேயப் பாடத்துக்கும் யூத அறிஞரின் விளக்கங்களுக்கும் அளவு மீறி இடம் கொடுத்து, திருச்சபை வழங்கிவந்த இலத்தீன் வேதாகமத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு. அக்காலத்தில் இத்தகைய குற்றச்சாட்டு விளையாட்டான காரியம் அன்று. மொந்தானோவின் மானத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்து. பிளாந்தினின் தொழிலும் ஆட்டம் காணும் நிலை.

ஸ்பானிய விசாரணை மன்றம் இதை ஆராய யேசு சபைக் குருவானவர் யுவான் டி மரியானாவை 1577இல் நியமித்தது. அவர் எவருக்கும் முகம் பார்த்துப் பேசாதவர். மொந்தானோவுக்கு யேசு சபையினர்மீது நல்லெண்ணம் இருக்கவில்லை என்பதும் பலருக்குத் தெரியும். ஆகவே தீர்ப்பு பாதகமாகவே வரும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. மரியானா தொகுதிகளைப் பொறுமையோடு படித்தார். குறைகள் சில உண்டு என்று எழுதினார். ஆனால் தடை செய்வதற்குரிய குற்றம் எதுவும் இல்லை என்று முடிவு கூறினார்.

தாள் தாளாகப் பார்த்தவர்களின் உழைப்பு இங்கே பயன் தந்தது என்று கொள்ளலாம். ஒரு மொழிப் பாடத்தை இன்னொன்றோடு ஒத்துப்போகச் செய்வதற்காக ஓரிடத்தில் கூட்டி, இன்னோரிடத்தில் குறைத்திருந்தால், பகைவர் கையில் ஆயுதம் கொடுத்ததாயிருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் அதனதன் இடத்தைக் கொடுத்திருந்தபடியால், நேர்மையான நடுவர் ஒருவர் படித்தபோது பதிப்பு நின்றுபிடித்தது.

கொள்ளையும் கடைசிக் காலமும்

1576 நவம்பர் 4ஆம் திகதி, சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் போர்வீரர்கள் அன்ற்வேர்ப் நகரைச் சூறையாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். பிளாந்தின் தம் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள ஒன்பது தடவை கப்பம் கட்ட வேண்டியிருந்தது. இயந்திரங்கள் பல நின்றுபோயின. மன்னரிடமிருந்து வரவேண்டிய பணமும் காலத்துக்கு வரவில்லை. கடன் மேல் கடன்.

நாட்டின் குழப்பம் காரணமாக 1583இல் அவர் ஒல்லாந்திலுள்ள லெய்டன் நகருக்குச் சென்று, அங்கிருந்த புதிய பல்கலைக்கழகத்தின் அச்சகராக இரண்டு ஆண்டுகள் கடமையாற்றினார். அந்தப் பல்கலைக்கழகம் சீர்திருத்தச் சபையினரைச் சேர்ந்தது. அமைதியை வலியுறுத்திய ஒரு சிறு ஆன்மீகக் குழுவோடு அவருக்கு இரகசியத் தொடர்பு இருந்தது என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். சமயப் போர் நாட்டைக் கிழித்த காலத்தில் வாழ்ந்த அந்த மனிதரின் உள்ளத்தை நாம் எளிதில் அளந்துவிட முடியாது. 1585இல் அன்ற்வேர்ப் மீண்டும் ஸ்பானியர் வசமானபின் அவர் அங்கேயே திரும்பினார். லெய்டன் அச்சகத்தை இராபெலெங்கியுசிடம் ஒப்படைத்தார்.

1589 யூலை 1ஆம் திகதி பிளாந்தின் காலமானார். அன்ற்வேர்ப் நகரின் தேவமாதா பேராலயத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். முப்பத்து நாலு ஆண்டுகளில் 1,500க்கு மேற்பட்ட நூல்களை அவர் வெளியிட்டிருந்தார். அன்ற்வேர்ப் அச்சகத்தை இன்னொரு மருமகனான யோவான் மொரேத்துஸ் ஏற்றுக்கொண்டார். அவர் சந்ததியார் பல தலைமுறைகளாக அதை நடத்தி, 1876இல் வீட்டையும் அச்சகத்தையும் நகரசபைக்கு விற்றனர். அது 1877இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. 2005இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் யுனெஸ்கோ நிறுவனம் அதைச் சேர்த்தது. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சு இயந்திரங்கள் இரண்டு அங்கே இருக்கின்றன. ஒப்புநோக்காளருக்கென ஒரு தனி அறையும் இருக்கிறது. யன்னல் வெளிச்சம் விழும்படி போடப்பட்ட பெரிய ஓக் மர மேசையை அங்கே இன்றும் காணலாம்.

நமக்கு ஒரு பாடம்

இன்று ஈய எழுத்துக்கள் மறைந்துவிட்டன. கட்டுரைகள் கணினியில் எழுதப்படுகின்றன. நம் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். சிலர் பிறநாடுகளில் இருந்து வேற்று மொழியில் எழுதுகிறார்கள். அவற்றைக் கூலி பெற்றுத் திருத்திக் கொடுப்பதே தொழிலாகக் கொண்டவர்களும் நிறுவனங்களும் இன்று பல நாடுகளில் உண்டு. அப்படிக் கொடுப்பது வெட்கத்துக்குரிய காரியமன்று. பேரறிஞர் எழுதிய நூல்களே இராபெலெங்கியுசின் கைக்கும் கீலியானின் கைக்கும் போய்த்தான் வந்தன.

ஆனால் இருதரப்பாரும் தங்கள் எல்லையை அறிய வேண்டும். எழுத்து, இலக்கணம், மேற்கோள், எண் ஆகியவற்றைச் சரிபார்ப்பது திருத்துபவரின் கடமை. சிந்திப்பதும் ஆராய்வதும் முடிவுக்கு வருவதும் மாணவனின் கடமை. பின்னதையும் பணம் கொடுத்து வாங்கினால் அது திருத்தம் அல்ல, பொய்ச்சாட்சி. அதுபோலவே, நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை இன்றிரவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிழை தப்பினால் திருத்தியவரைக் குறை சொல்வதும் நீதியன்று. அவருக்கு நேரம் கொடுங்கள். தெளிவான படி கொடுங்கள். நன்றியுரையில் அவர் பெயரையும் ஒரு வரியில் சேருங்கள். கீலியான் காலந்தொட்டு வரும் கடனில் ஒரு சிறு பகுதியாவது அப்போது தீரும்.

கணினி பிழை காட்டும் என்று முழுவதும் நம்பியிருக்கவும் வேண்டாம். அறமும் சரியான சொல், அரமும் சரியான சொல். எங்கே எது வரவேண்டுமென்று முடிவு செய்ய இன்றும் ஒரு மனிதக் கண் பார்ப்பதே நல்லது. வீட்டிலே பிள்ளை கட்டுரை எழுதி முடித்தால், மக்தலேனா செய்தது போல ஒருவர் மூலப்படியை உரத்து வாசிக்க, மற்றவர் விரலை வைத்து வரி வரியாகப் பார்க்கட்டும். தம்பியோ தங்கையோ வாசிக்கலாம். விஷயம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் போதும். பல மாத உழைப்பு ஒரு சிறு பிழையால் மதிப்பிழக்காமல் காப்பாற்றப்படும்.